பச்சைப் புள்ளி நாற்பத்தொன்று

"தள்ளுங்கய்யா! வழி விடுங்க!"

முழங்கையால் இடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள் அவள். கையில் துப்பாக்கி போன்ற கை ரீடர். முதுகுக்குப் பின்னால் பெயின்ட் தொழிற்சாலையின் கூரையிலிருந்து புகை கறுகறுவென்று சுருண்டு எழுந்தது. சைரன் இன்னும் ஓயவில்லை.

அட்டை படிக்கும் கருவிகளைப் பராமரிப்பவள் என்பதால் தொழிற்சாலைக்கே அவள் 'ரீடரக்கா'. அந்த அக்காவின் முகத்தில் இப்போது எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தன.

காரணம், மைதானத்துக் கம்பத்தில் இருந்த திரை. தொழிலாளிகள் கழுத்தில் தொங்கும் அட்டை ஒவ்வொன்றும் ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும். கம்பத்து ரீடர் அதைக் கேட்டு ஆளுக்கொரு பச்சைப் புள்ளி போடும். இன்று வேலைக்கு வந்தவர்கள் அறுபத்து நாலு பேர். திரையிலும் அறுபத்து நாலு புள்ளி. எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம்.

பச்சைப் பொய். நாற்பத்தொன்று அவளுடைய அண்ணனின் எண். அண்ணனைக் காணோம்.

தீயணைப்பு அதிகாரியிடம் தொண்டை கிழியக் கத்திவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"எங்கேன்னு ஆளை அனுப்பறதும்மா? எட்டு ஷெட் இருக்கு. உங்க திரையே அவர் வெளியில இருக்கார்னு சொல்லுது. யாருமில்லாத புகைக்குள்ள என் பசங்களைத் தள்ளச் சொல்றியா?" என்றார் அவர்.

பக்கத்தில் மேனேஜர். தலையில் வெள்ளை ஹெல்மெட், தூசி படாமல். "எங்கயாவது சிகரெட் பிடிச்சிட்டு நிப்பான் சார். இவளுக்கு அண்ணன் பாசம், கண்ணை மறைக்குது."

"பாசமா? காலையிலேர்ந்து டேங்க் ஷெட் ரீடருக்குக் காது கேக்கல. என்னன்னு பார்க்கப் போனவளை, 'அதை விடு, கேன்டீன் கதவைப் பாரு'ன்னு விரட்டினது யாரு சார்?"

"மெஷின்னா கெடத்தான் செய்யும்."

"கெட்ட மெஷின் செத்த மாதிரி கிடக்கும். இது இரைச்சல்ல திணறுச்சு. யாரோ அலையைக் குழப்புற ஜாமர் வச்சு அமுக்கியிருக்காங்க!"

அதற்கு மேல் பேசி நேரத்தைக் கொல்ல அவளால் முடியவில்லை. கை ரீடரில் நாற்பத்தொன்றைத் தட்டினாள். அந்த அட்டை நெருங்க நெருங்க 'பீப்' சத்தம் வேகம் பிடிக்கும்.

இந்த மலிவு அட்டை வேண்டாம், கேட்டவனுக்கெல்லாம் எண்ணை ஒப்பிக்கும், நகல் எடுக்க முடியாத ரகசியச் சாவி உள்ளதாக வாங்குங்கள் என்று மூன்று கடிதம் கொடுத்திருந்தாள். மூன்றும் மேனேஜர் மேஜையில் படுத்துத் தூங்கின.

"என்ன ரீடரக்கா, எங்களைச் சுடப் போறியா?" என்றாள் பேக்கிங் பெண் ஒருத்தி.

"வாயை மூடிட்டு நகருடி!"

பீப்... பீப்... மந்தம். தண்ணீர் வண்டிப் பக்கம் போனாள், இன்னும் மந்தம். திரும்பினாள். கொஞ்சம் சூடு பிடித்தது. இரண்டு எட்டு வைத்தாள். படபடவென்று அடித்துக்கொண்டது. நிமிர்ந்தால், எதிரே அதே வெள்ளை ஹெல்மெட்.

மேனேஜர் பின்வாங்கினார். சத்தமும் பின்வாங்கியது.

"கோட்டுப் பையைக் காட்டுங்க."

"யாரைக் கேக்கறே, தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. காட்டுங்க!"

அவள் பாய்வதற்குள் அதிகாரியின் கை உள்ளே போய்விட்டது. வெளியே வந்தது ஓர் அட்டை. எண் நாற்பத்தொன்று.

"ஆள் எங்கேய்யா?"

மேனேஜரின் உதடு கோணியது. "மூணாவது டேங்க்... கழுவ விட்டேன். அவன் ஒருத்தன்தான்."

டேங்குக்குள் ஒற்றை ஆளாக இறங்கவே கூடாது. இறங்கினால் ஷெட் ரீடர் அலறும். அது அலறாதிருக்க ஜாமர்; ஆள் வேறெங்கோ நடமாடுவதாகக் காட்ட, பையில் இந்த அட்டை.

முகமூடி மாட்டிய நாலு பேர் ஓடினார்கள். அவள் அந்த வெள்ளை ஹெல்மெட்டைப் பிடுங்கித் தரையில் அறைந்தாள். அது உருண்டு போய் அவர் காலடியிலேயே நின்றது. எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இல்லை.

பதினோரு நிமிஷம். பிறகு ஸ்ட்ரெச்சர் வந்தது. கரி பூசிய முகம். நெஞ்சு ஏறி இறங்கியது.

"டேய் அண்ணா! டேய்!"

ஒரு கண் திறந்தது. "கத்தாதடி... காது வலிக்குது."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

அண்ணன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, மேனேஜர் பையில் கிடைத்ததோடு சேர்த்துப் பிடித்தார் அதிகாரி. இரண்டிலும் ஒரே எண்.

"ஆளுக்கு ஒரு அட்டைன்னுதாம்மா நான் நம்பினேன். எவனும் அப்படித்தான் நம்புவான். இன்னொண்ணு வெளியில சுத்துதுன்னு உனக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

ஆம்புலன்ஸ் கதவு மூடியதைப் பார்த்துவிட்டு அவள் திரும்பினாள்.

"தோணல சார்," என்றாள். "போன மாசம், டேங்க் கழுவுறவங்க அட்டை அடிக்கடி நனையுது, உதிரி வேணும்னு மேனேஜர் கேட்டார். புது நம்பர் போட்டா ஒவ்வொண்ணையும் மறுபடி பதியணும். சோம்பல். அவங்கவங்க பழைய நம்பரையே போட்டுக் குடுத்துட்டேன். ஒன்பது அட்டை. அதுல முதல் அட்டை, என் அண்ணனோடது."