சோரியாவின் இடது கை

ஜூன் 9, திங்கள். இன்று ஒரு தவறு செய்தேன். இடது கையால் எறிய வேண்டிய பந்தை வலது கையால் எறிந்துவிட்டேன்.

இவ்வளவுதான் எழுதியிருந்தான் தாதேயோ. மாலைப் பள்ளி ஆசிரியை தினமும் பத்து வரி எழுதி வரச் சொல்லியிருந்தாள். அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல், கூடைப்பந்து கிளப் அலுவலகத்துக்கு வெளியே மர பெஞ்சில் நோட்டை முழங்கால்மேல் வைத்துக் காத்திருந்தான். உள்ளே செயலாளர் கிராசியேலா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அரையிறுதி. எதிரணியின் எட்டாம் நம்பர் சோரியா இடது கைக்காரன். பயிற்சியில் சோரியாவாக ஆடிக் காட்டுவது தாதேயோவின் வேலை. மூன்று சீசனாக அதுதான் வேலை. எந்த வாரம் எவன் பெரிய ஆட்டக்காரனோ, அந்த வாரம் அவனாக மாறி, சொந்த அணியின் மூத்தவர்கள் அவனை மறித்துப் பழக நிற்க வேண்டும். மேட்ச் நாளில் களத்துக்கு வெளியே பெஞ்சு. சோரியாவுக்காகப் பத்து நாளாக இடது கையால் பல் தேய்த்தான். இடது கையால் சாப்பிட்டு, விடுதியில் சூப்பைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அப்படியும் இன்று காலை, எதிரே ஆள் இல்லாத இடம் கிடைத்ததும் வலது கை தானாக எழுந்துவிட்டது. பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

கோச் ஒல்மேதோ விசில் ஊதினார்.

"டேய் ஒல்லி, சோரியா எப்படா வலது கையால போட்டான்?"

"மறந்துட்டேன் கோச்."

"அதான் உள்ள விழுந்துச்சே கோச்," என்றார் அணியின் மூத்தவர் ரோதாஸ், முழங்கால் பட்டையை இழுத்துவிட்டபடி. அவருக்கு முப்பத்தெட்டு வயது. இந்த சீசனோடு ஆட்டத்தை முடித்துக்கொள்கிறார்.

"விழுந்தா? சனிக்கிழமை நீங்க மறிக்கப்போறது இவனையா? மறுபடி ஆடுறா. சோரியா மாதிரி ஆடு."

பதினைந்து வயதில் வடக்கே சாக்கோவிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் உட்கார்ந்து, கிளப் இருக்கும் இந்த பாஹியா பிளாங்கா நகரத்துக்கு வந்தவன் தாதேயோ. இருபதில் ஒரு இரண்டாம் பிரிவு கிளப் அவனைக் கேட்டது. மேட்சுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆடலாம் என்றார்கள். முதல் பிரிவில் இருப்பவன் இறங்கிப் போவானா என்று மறுத்துவிட்டான். அந்த இடத்துக்கு அவனுடைய அறைத்தோழன் பவுத்திஸ்தா போனான். போன மாதம் பவுத்திஸ்தா ஸ்பெயினுக்கு விமானம் ஏறினான்.

ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் அம்மா போன் செய்வாள்.

"கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்புச்சுல்ல, உன் முழங்கால் தெரிஞ்சுது. பக்கத்து வீட்டு நெலிதாகிட்ட காட்டினேன், அதோ என் பையன்னு."

"முழங்காலை வச்சா கண்டுபிடிச்சே?"

"பெத்தவளுக்குத் தெரியாதாடா?"

"கண்ணு, உள்ள வா," என்று கிராசியேலா கூப்பிட்டாள். மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவையை அவன் பக்கம் நகர்த்தினாள். மேசையில் அடுத்த சீசன் ஆட்டக்காரர் பட்டியலாக லீக்குக்கு அனுப்பவேண்டிய படிவம். அவன் பெயருக்கு நேரே பென்சில் கோடு.

"இளையோர் வயசு உனக்குத் தாண்டிருச்சு. நீ டிசம்பர் முப்பதுல பொறந்திருக்கே. உங்கம்மா ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? அடுத்த வருஷத்துக் கணக்குல வந்திருப்பே. இன்னும் ஒரு சீசன் உன்னை இளையோர் பட்டியல்லயே வச்சிருப்பாங்க."

"அப்போ பெரியவங்க பட்டியல்ல போடுங்க. ரோதாஸ் போறாருல்ல, ஒரு இடம் காலி."

அவள் குடுவையை எடுத்துச் சுடுநீர் ஊற்றினாள்.

"காலிதானே கிராசி?"

"பேசி முடிச்சாச்சு. சனிக்கிழமை வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"யாரு?"

"சோரியா."

தாதேயோ குடுவையை வாங்கினான். குடிக்கவில்லை.

"எப்போலேருந்து?"

"போன வாரம். பயிற்சியில உன்னைப் பாத்துட்டு வந்து கோச் இங்கதான் நின்னு சொன்னாரு. 'அந்த இடது கையை நம்ம ஆளுங்களால நிறுத்தவே முடியலை கிராசி, அப்படி ஒருத்தன் நமக்கு வேணும்'னு."

"அது நான்தானே?"

கிராசியேலா படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்னையே எடுக்கலாமேன்னு நான் கோச்சுகிட்ட கேட்டேன் கண்ணு. 'அவன் ஆட்டம் எப்படின்னு எனக்குத் தெரியாதே'ன்னுட்டாரு."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். வகுப்புக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. உள்ளே மைதானத்தில் சின்னப் பிள்ளைகளின் அணி பந்து தட்டிக்கொண்டிருந்தது. நோட்டைத் திறந்து, எழுதியிருந்த வரிகளை இரண்டு முறை படித்தான். எதையும் அடித்துத் திருத்தவில்லை. பேனாவை இடது கைக்கு மாற்றினான். எழுத்துகள் சரிந்து, கோட்டைத் தாண்டி இறங்கின.

நாளை காலை எட்டு மணிக்குப் பயிற்சி. நான் எட்டாம் நம்பர். வலது கையைத் தூக்கக் கூடாது.