படகில் பூட்டிய திரை

கனடாவில் கலியாண வீட்டு வீடியோ எடுப்பதில் தொடங்கி, தியேட்டர்களும் ஒரு தொலைக்காட்சி நிலையமுமாக வளர்ந்தவர் சிறில் அமலதாசன். பிறந்த நெடுந்தீவுக்கு ஒரு படகு வாங்கிக் கொடுத்தார். சனம் சலிப்பில்லாமல் கடல் கடக்கட்டும் என்று உள்ளே படம் காட்டப் பெரிய திரையும் பொருத்திப் பூட்டுவித்தார்.

இன்று யாருக்கும் சொல்லாமல் அந்தப் படகில் ஏறியிருந்தார். குறிகட்டுவான் இறங்குதுறை பின்னால் பால்போல வெளுத்துக் கரைந்தது. திரையில் அவர் தயாரித்த படம். கதாநாயகி மழையில் மிதந்துகொண்டிருந்தாள். ஒருவராவது பார்க்க வேண்டுமே! அத்தனை பேரும் யன்னல் பக்கம் திரும்பியிருந்தார்கள். வீம்புக்கு அவர் மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நடுக்கடலில் அலை படகைத் தொட்டிலாக்கியது. மழையும் கதாநாயகியும் கடலும் ஒன்றாய்ச் சுழன்றன. குடலைப் புரட்டிக்கொண்டு சத்தி வந்தது.

பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"படத்தைப் பாராதேங்கோ அண்ணை. தூரக் கடலைப் பாருங்கோ, எல்லாம் நிண்டிடும். இதைப் பூட்டினவர் நல்ல மனுசன்தான். ஆனா எங்கட தீவில பிறந்தவரா இருக்க ஏலாது."

அவர் வாயைக் கொப்பளித்தார். தூரத்தில் ஒரு நீலக்கோடாய் நெடுந்தீவு அசையாமல் கிடந்தது.

"ஓம் தங்கச்சி, இருக்க ஏலாது," என்றார், அதிலிருந்து கண்ணை எடுக்காமல்.