ஒண்ணு பத்துக்கு ஒரு ரிங்

டமால் என்று கண்ணாடி மேசை மேல் வந்து விழுந்தது போன். மேசைக்குள் வரிசையாக மாட்டியிருந்த கவர்கள் எல்லாம் ஒரு துள்ளு துள்ளி அடங்கின.

ஷாஸியா உடனே நிமிரவில்லை. குண்டூசித் தலை அளவு திருகாணி ஒன்றை அதன் குழியில் உட்கார வைத்து, இறுக்கி, கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள்.

"கண்ணாடி உடைஞ்சா நீதான் மாத்தித் தரணும், பீமண்ணே."

"நான் இன்னா சொல்லிகினு கீறேன், நீ இன்னா சொல்லிகினு கீற?" பீம்ராவுக்கு மூச்சு வாங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறான். கையில் சாப்பாட்டுப் பை, காக்கிச் சட்டை முதுகு முழுக்க உப்பு பூத்த வியர்வை. "மூணாவது தபா வர்றேன். காலைல நூறு பர்சென்ட் ஏத்திகினு போறேன். சாயங்காலம் எடுத்துப் பட்டனை அமுக்கினா கருப்பா கீது. நீ மெக்கானிக்கா, இல்ல சும்மா குந்திகினு கீறியா?"

ரீசார்ஜ் பகுதியில் உட்கார்ந்திருந்த மொஹ்சின் சிரிப்பை அடக்கிக்கொண்டான். எம்.கே.பி. நகர் மார்க்கெட் தெருவில் இருக்கும் இந்தக் கடையில் அண்ணன் மொஹ்சின் ரீசார்ஜும் கவரும் பார்ப்பான். ரிப்பேர் முழுக்கத் தங்கை. கடை திறந்த புதிதில் வருகிறவர்கள் ஷாஸியாவைத் தாண்டி மொஹ்சினிடம் போய், "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். அவன் பேசாமல் கட்டை விரலால் தங்கையைக் காட்டுவான். ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர்களே திறக்க முடியாத போன்களை இங்கே அனுப்பிவைக்கிறார்கள். எந்த போனும் அவளிடம் மூன்றாவது முறை வந்ததில்லை. இதுதான் முதல்.

பீம்ராவ் மணலியில் ஒரு ரசாயன ஆலையில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். இருபத்திரண்டு வருடமாக அதே கேட், அதே காலை ஷிப்ட். 'உனக்கு இன்னா தெரியும்' என்பது அவனுக்கு இருமல் மாதிரி. ஃபோர்மேனிடம் சொல்வான், டி.வி.யில் செய்தி வாசிக்கிறவரிடம் சொல்வான், யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பத்தொன்பது நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்க்கும் அறிவு திருவொற்றியூரில் கட்டிய புது வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தான். பீரோவை எந்தச் சுவரில் வைப்பது என்று பேச்சு வந்தது. "இந்த செவுரு வேணாம், பின்னாடி பாத்ரூம் கீது, ஓதம் ஏறும்" என்றாள் அவன் மனைவி கெங்கம்மா. "உனக்கு இன்னா தெரியும்? சும்மா குந்து" என்றான் பீம்ராவ். பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பீரோ அந்தச் சுவருக்கே போனது. கெங்கம்மாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து கட்டியிருந்த பட்டுப் புடவையை மடித்து வைத்தாள். சாவிக் கொத்தை டி.வி. மேல் வைத்தாள். எண்ணூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

இதெல்லாம் ஷாஸியாவுக்குத் தெரியும். ஏனென்றால், அவளும் அதே குடியிருப்புதான்; அன்று சாயங்காலம் பீம்ராவ் மாடிப்படியில் நின்று, நடந்ததையெல்லாம் சொல்லி, மூன்று பிளாக்குக்கும் கேட்கிற மாதிரி அறிவித்திருந்தான்: "நானா போன் பண்ண மாட்டேன். அதுவா பண்ணட்டும்."

அன்றைக்குத்தான் போனில் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டும் வந்தது. போன் அப்படி ஏதாவது கேட்டால் கெங்கம்மாதான் எட்டிப் பார்த்து, "காலைல பாத்துக்கலாம், இப்ப வேணாம்" என்பாள். அன்று சொல்ல ஆளில்லை. சரி என்று அமுக்கிவிட்டான். மறுநாள் திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து பார்த்தால் போன் செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து தினமும் இதே கதை.

முதல் தடவை வந்தபோது ஷாஸியா சொன்னாள், அப்டேட் ஆன போன் இரண்டு மூன்று நாள் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும், பொறு என்று. தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவற்றை நிறுத்தி அனுப்பினாள். அடுத்த வாரம் வந்து பேட்டரியை மாற்றச் சொன்னான். அளந்து பார்த்தாள். பேட்டரி நன்றாக இருந்தது, வேண்டாம் என்றாள். "உனக்கு இன்னா தெரியும்? மாத்து" என்றான். மாற்றினாள். பழையதைக் காகிதத்தில் சுற்றி அவன் கையிலேயே கொடுத்து, "பத்திரமா வை, இது இன்னும் ரெண்டு வருசம் ஓடும்" என்று சொல்லி அனுப்பினாள். இன்று மூன்றாவது தடவை.

"ரீசெட் அடிச்சி உட்ரு" என்றான் மொஹ்சின்.

"உனக்கு எல்லாத்துக்கும் ரீசெட்டு. நீ டாக்டராகாததே ஊருக்கு நல்லது." போனை சார்ஜரில் செருகினாள் ஷாஸியா. "குந்துண்ணே. டீ சொல்றேன். இன்னைக்கி இதுக்கு ஒரு முடிவு கட்டிட்டுத்தான் அனுப்புவேன்."

பீம்ராவ் ஸ்டூலில் உட்கார்ந்தான். கோபம் இறங்கியதும் முகம் சின்னதாகிவிட்டது. இந்த வாரம் முழுக்க விட்டுவிட்டுப் பெய்த மழையில் தெருவெல்லாம் சேறு. அவன் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஒரு வட்டம் போட்டது.

"நான் கேக்கறது ஒண்ணுதான் ஷாஸியா. கெங்கா போன் பண்ற நேரம் பாத்து இந்த சனியன் செத்துக் கெடந்தா? நான் வேணும்னே அணைச்சி வெச்சிகினு கீறேன்னு நெனைக்காதா?"

போன் உயிர் பெற்றதும் ஷாஸியா பேட்டரி பக்கத்தைத் திறந்தாள். எந்த ஆப் எவ்வளவு தின்றது என்ற பட்டியல். திருடன் யாரும் இல்லை. பாட்டு ஐந்து சதவீதம், வீடியோ மூன்று. ஆனால் நெட்வொர்க் மட்டும் பானை பானையாகக் குடித்திருந்தது. மேலே இருந்த வரைபடத்தைப் பெரிதாக்கினாள். காலை எட்டு மணி வரை கோடு மொட்டைமாடி மாதிரி சமமாகப் போகிறது. எட்டு மணிக்கு விழ ஆரம்பித்து, சாயங்காலம் வரை ஒரே சரிவு. நேற்றும் அப்படி. முந்தாநாளும் அப்படி. விரலால் தள்ளிக்கொண்டே போனவள் ஒரு நாளில் நின்றாள்.

"ஞாயித்துக்கெழம இன்னா பண்ண?"

"இன்னா பண்ணுவாங்க? வூட்ல குந்திகினு போனையே பாத்துகினு இருந்தேன்."

"நாள் பூரா பாத்துகினு இருந்தும் ராத்திரி எழுவது பர்சென்ட் மிச்சம் கீது. பாரு." திரையை அவன் பக்கம் திருப்பினாள். "அப்டேட்டு ஞாயித்துக்கெழம லீவு எடுக்குமா?"

பீம்ராவ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"எட்டுலேர்ந்து நாலரை வரைக்கும் இது எங்க கீது?"

"எங்க இருக்கும்? பிளாண்டுக்குள்ள எட்த்துகினு போகக் கூடாது. கேட்டாண்ட பொட்டில போட்டுட்டுப் போவேன்."

"இன்னா பொட்டி?"

"இரும்புப் பொட்டி. முன்னாடி மரப் பலகை இருந்திச்சி, கேன்டீன் ஜன்னலாண்ட. புறாக் கூண்டு மாதிரி கட்டம் கட்டமா. அது கரையான் அரிச்சிப் போச்சின்னு எட்த்துட்டு இரும்புல வெச்சிட்டானுங்க. பூட்டு, நம்பரு எல்லாம் கீது. ஷிப்டு முடிஞ்சாதான் தொறப்பானுங்க."

"எப்ப மாத்துனாங்க?"

யோசித்தான். "அந்தத் திங்கக்கெழமதான்."

ஷாஸியா மெதுவாகச் சிரித்தாள். எழுந்து அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பழைய இரும்புப் பெட்டியை இழுத்தாள். உடைந்த டிஸ்ப்ளேக்கள் போட்டு வைக்கிற பெட்டி. அதைக் கவிழ்த்துக் காலி செய்து, பீம்ராவின் போனை உள்ளே வைத்து மூடினாள். "இவரு நம்பருக்கு ஒரு ரிங் அடி" என்றாள் அண்ணனிடம்.

மொஹ்சின் அடித்தான். பெட்டிக்குள் பாட்டு கேட்டது.

"மெய்யாலுமே பெரிய மெக்கானிக்குதான்" என்றான் பீம்ராவ்.

"இருண்ணே, அவசரப்படாத. மூடி சரியா குந்தல." மூடியை ஒரு குத்துக் குத்தி இறக்கினாள். கொண்டி மாட்டினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையின் பின்பக்கச் சுவரோரம் வைத்தாள். "இப்ப அடி."

மொஹ்சின் ஸ்பீக்கரில் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது: தாங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.

"உள்ள மாட்டிகினு சிக்னலு எங்கன்னு தேடுது. கெடைக்கல. இன்னும் சத்தமா தேடுது. எட்டரை மணி நேரம் கத்திகினே இருந்தா தொண்டையில இன்னா மிஞ்சும்? உன் போனுக்கு ஒரு வியாதியும் இல்ல. அப்டேட்டு மேலயும் தப்பு இல்ல. நாளையிலேர்ந்து பொட்டில வெக்கறதுக்கு முன்னாடி ஏரோப்ளேன் படம் போட்டிருக்கே, இத்த ஒரு தட்டு தட்டு. சாயங்காலம் தொண்ணூறுக்குக் கொறையாது. என் பேரு ஷாஸியா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பீம்ராவ் அந்தச் சின்ன விமானப் படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "இத்த தட்டிட்டா, உள்ள ரிங்கு வருமா?"

"வராது."

"வராதா? அப்பறம் எதுக்கு? செக்யூரிட்டி லட்சுமணன் கிட்ட சொல்லி வெச்சிகினு கீறேன். ரிங் வந்தா ஓடியாந்து கூப்புடறேன்னு சொல்லிகினு கீறான். அதுக்குத்தானே அணைக்காம வெக்கறேன்?"

"இப்பவும் வரலியேண்ணே" என்றாள் ஷாஸியா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. டீக்காரன் மூன்று கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் போனான். யாரும் எடுக்கவில்லை. பீம்ராவின் உதடு அசைந்தது. நாட்களை எண்ணுகிறான் என்று தெரிந்தது.

"அப்ப அது பண்ணியிருந்தா..."

"பண்ணியிருந்தா சிம் கம்பெனிக்காரன் மெசேஜ் அனுப்புவான், இந்த நம்பர்லேர்ந்து கூப்ட்டாங்கன்னு. வந்துச்சா?"

"ஒண்ணும் வரல. முன்னாடியெல்லாம் வரும். இப்ப கெடையாது."

முன்னாடியெல்லாம் வரும். ஷாஸியா போனைப் பிடுங்கினாள். மெசேஜ் பகுதியைத் திறந்தாள். அப்டேட்டுக்குப் பிறகு அது வேறு மாதிரி ஆகியிருந்தது. மனிதர்கள் அனுப்புவது முன்னால். கம்பெனிகள் அனுப்புவது எல்லாம் பின்னால், தனி அறையில், சத்தம் போடாமல். அந்த அறையைத் திறந்தாள். கடன் வேண்டுமா, வீட்டு மனை வேண்டுமா, ஆபர் முடிகிறது என்ற குப்பைகளுக்கு நடுவே ஒரே மாதிரி வரிகள். ஒரே எண். எண்ணிப் பார்த்தாள். பதினாலு.

எண்ணை மொஹ்சினிடம் வாசித்தாள். அவன் நோட்டைப் பார்க்கவே இல்லை. "கெங்காக்கா நம்பரு. மாசாமாசம் நான்தானே ரீசார்ஜ் போடறேன்."

"மணி பாரு" என்று பீம்ராவிடம் நீட்டினாள். "ஒண்ணு பத்து. ஒண்ணு எட்டு. ஒண்ணு பத்து. ஒண்ணு பன்னெண்டு. தெனம் ஒரே ஒரு தபா. ஞாயித்துக்கெழம மட்டும் வரல."

அவன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். ஒண்ணு பத்துதான் அவனுடைய சாப்பாட்டு நேரம். மரப் பலகை இருந்த காலம் முழுக்க, கேன்டீனுக்குப் போகிற வழியில் போனை எடுத்து, 'சாப்ட்டியா?' என்று ஒரு வார்த்தை. அவள் கேட்பாள், அல்லது அவன் கேட்பான். யார் முதலில் என்று என்றைக்கும் கணக்கு இருந்ததில்லை. சபதம் போட்டது இவன். அவள் பாட்டுக்கு வழக்கமான நேரத்துக்கு வழக்கமான போனை அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கடைசி எப்ப?" என்றான்.

ஷாஸியா மேலே தள்ளினாள். "செவ்வாக்கெழம. புதன், வியாழன், இன்னைக்கி... இல்ல."

வெளியே ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பீம்ராவ் போனுக்குக் கை நீட்டினான். பதினோரு சதவீதம் ஏறியிருந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தான். சார்ஜர் வயர் இழுத்து நிறுத்தியது.

"புடுங்காத. நடுவுல செத்துப்போனா இந்தத் தபா நானே உன்னை அடிப்பேன்" என்றாள் ஷாஸியா.

வயர் ஒரு முழம்தான். கண்ணாடி மேசை மேல் குனிந்து, முழங்கையை ஊன்றி, கவர்களையும் இயர்போன்களையும் பார்த்தபடி அவன் அந்த எண்ணைத் தொட்டான். மொஹ்சின் கடை ரேடியோவை நிறுத்தினான். பிறகு யாரும் கேட்காமலேயே நோட்டைத் திறந்து ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டான். ஷாஸியா லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டினாள். அவள் முன்னால் திறந்த போன் எதுவும் இல்லை.

மணி அடித்தது. நாலு, அஞ்சு, ஆறு. பீம்ராவின் பூட்ஸ் தரையைத் தேய்த்தது. ஏழாவது மணியில் எடுத்தார்கள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும். அவன் போனில் வால்யூம் எப்போதும் முழுசாகத்தான் இருக்கும், ஆலை இரைச்சலில் கேட்டுக் கேட்டு மந்தமாகிப்போன காது. அதனால் கெங்கம்மா கடைசியில் கேட்டது கடைக்குள் இருந்த மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"அந்த அறிவு வூட்டு செவுரு இன்னா ஆச்சி?"

பீம்ராவ் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தான்.

"ஓதம் ஏறிடுச்சி கெங்கா. பீரோ அடியெல்லாம் துரு. எனக்கு இன்னா தெரியும்?"