மூடாத முப்பத்தேழு பக்கங்கள்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பதினோரு வருடம் உழைத்துச் சம்பாதித்தது, ஏன் மறைக்க வேண்டும்? அக்கா போனில் அழுதபோதுகூட, "பிரவுசரை யாரும் தொடாதீங்க, இருபது நிமிஷத்துல வர்றேன்" என்று மட்டும்தான் சொன்னேன்.

போய்ப் பார்த்தால் மாமா அதற்குள் நான்கு முறை திறந்து மூடியிருந்தார்.

"உங்க அக்காவுக்கு உதவலாமேன்னு..." என்று இழுத்தார்.

"உங்க உதவிக்கு ஒரு கும்பிடு மாமா. நீங்க திறந்து மூட மூட பழைய பக்கமெல்லாம் மீட்க முடியாம போயிடும். கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

அக்கா பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று மாலை ஐந்து மணிக்கு நர்சிங் கல்லூரியில் ஆசிரியை வேலைக்கு இன்டர்வியூ. அரை மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதற்காக மூன்று மாதம் தேடிப் பிடித்த முப்பத்தேழு பக்கங்களும் பிரவுசரில் திறந்தே கிடந்தன. எதையும் சேமித்து வைக்கவில்லை. "திறந்துதானே இருக்கு" என்பது அவள் கொள்கை. காலையில் கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆகி, அணைந்து எழுந்தது. பக்கங்கள் போன இடம் தெரியவில்லை. நான் உட்கார்ந்தபோது மணி ஒன்றரை.

அந்த வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், மூன்று பேர். ஆளுக்கொரு புரொஃபைல் நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். தனித்தனி ஜன்னல், மேல் மூலையில் வட்டத்துக்குள் ஒரு படம். அக்காவுக்குப் பூனை, மாமாவுக்குக் கார், அக்காவின் மாமியாருக்குச் சூரியகாந்தி.

பூனையைத் திறந்து, மூடியதை மீட்கும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். மாமா திறந்து மூடிய வெற்றுப் பக்கம்தான் வந்தது. அக்காவின் முகம் சுண்டிப்போனது. எனக்கும் ஒரு கணம் திக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"போச்சாடி?"

"பொறுக்கா. பார்த்த பக்கமெல்லாம் ஹிஸ்டரில இருக்கும். அப்டேட் அதைத் தொடாது."

ஹிஸ்டரியைச் சல்லடை போட்டுச் சலித்தேன். மூன்று மாதத்தில் பாடம் சம்பந்தமாக ஒன்றுகூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ இங்க படிக்கவே இல்லக்கா."

"என்னடி உளர்ற? இதே நாற்காலில உட்கார்ந்துதான் படிச்சேன்."

"நாற்காலி சரி. ஜன்னல் யாரோடது?"

அந்த வீட்டில் யாருக்கும் மூலையைப் பார்க்கும் பழக்கம் கிடையாது. எந்த ஜன்னல் திறந்திருக்கிறதோ அதிலேயே வேலை. மதியம் டூட்டி முடிந்து அக்கா வந்து உட்காரும் முன், அங்கே சீரியல் பார்த்துவிட்டு எழுந்து போவது அவள் மாமியார். "இந்த வயசுல புது வேலை எதுக்கு?" என்று மூன்று மாதமாக முணுமுணுத்தவரும் அவரேதான். காலையில் கடைக்குப் போனவர், அப்போதுதான் திரும்பி வந்து சோபாவில் பட்டாணி உரிக்க உட்கார்ந்திருந்தார்.

நல்லவேளை, சூரியகாந்தியை மாமா தொட்டிருக்கவில்லை. திறந்தேன். அதே மூன்று விசைகள்.

பக்கங்கள் மளமளவென்று வரிசை கட்டின. நடுநடுவே சீரியல்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள்.

"அத்தை, இத்தனை நாளா உங்களுக்கு இடைஞ்சலா இருந்திருக்குமே. மூடியிருக்கலாமே?" என்று மாமியாரிடம் கேட்டாள்.

"எனக்கு மூடத் தெரியாதா? உன்னோடதுன்னு தெரிஞ்சுதான் விட்டு வச்சேன்" என்றார் அவர், பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ஒவ்வொன்றாகச் சேமித்துக்கொண்டே வந்தேன். முப்பத்தேழும் முடிந்தபின் கடைசியில் இன்னொன்று நின்றது. பாடமும் இல்லை, சீரியலும் இல்லை. நர்சிங் கல்லூரிக்குப் போகும் பஸ்களின் நேரம். முந்தின நாள் திறந்தது.

"இது நான் பார்க்கலையே" என்றாள் அக்கா. பிறகு மெல்லத் திரும்பினாள். "அத்தை... நீங்க போக வேணாம்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். நீ கேட்டியா? போறதுன்னு ஆனப்புறம் லேட்டா போய் நிக்கலாமா? மூணே முக்கால் பஸ்ல ஏறு. அடுத்தத நம்பாத."

அக்கா மூணே முக்கால் பஸ்ஸில் போனாள். பஸ் ஸ்டாப் வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனது அவள் மாமியார்.