மொனிகா கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள்

யோசப்பின் பாரிஸிலிருந்து பலெர்மோவுக்குத் தனியாகப் புறப்பட்டதற்கு வீட்டில் சொன்ன காரணம் ஒன்று, மனதுக்குள் வைத்திருந்த காரணம் இன்னொன்று.

வீட்டில் சொன்ன காரணம் அவளுடைய மனிசன் அலோசியஸ்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த மனிதர் குசினி வாசலே கதி என்று கிடந்தார். "இஞ்சரும், வெங்காயம் கருகிற மணம் வருது" என்பார். ஐந்து நிமிடம் போகாது, "பருப்பு அடிப்பிடிக்கப் போகுது போல கிடக்கு" என்று திரும்ப வந்து நிற்பார். கலியாண வீடு, பிள்ளைகளின் முதல்நன்மை விருந்து என்று ஓடர் எடுத்து இருநூறு பேருக்குச் சமைத்துக் கொடுப்பவளுக்கு, ஒழுங்காய் ஒரு தேத்தண்ணி ஊற்றத் தெரியாத மனிதர் பாடம் எடுப்பதா? "ஒரு கிழமைக்கு உங்கட மூக்கிட்டை இருந்து எனக்கு லீவு வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ரிக்கெற் போட்டாள்.

உண்மைக் காரணமும் மூக்குத்தான். அவளுடைய மூக்கு. கொரோனா வந்துபோனதிலிருந்து அது செத்துப்போய்விட்டது. மல்லிகைப் பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். இதை அவள் ஒரு குருவிக்கும் சொல்லவில்லை. மூக்கில்லாத சமையல்காரியிடம் எந்த மடையன் ஓடர் கொடுப்பான்? கண்ணாலும் காதாலும் சமைத்துச் சமாளித்தாள். கடுகு வெடித்து அடங்கும் சத்தம், பொரியலில் ஈரம் போகும் சத்தம், பருப்பில் தண்ணீர் வற்றும்போது கொதியின் குரல் மாறும் விதம், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு ஓடரும் போய்ச் சேர்ந்து நல்லது என்று ஒரு சொல் வரும்வரை ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பலெர்மோவில் சாந்தா ரொசாலியா என்று ஒரு புனிதை இருக்கிறாள், கொள்ளைநோயை அந்த நகரத்திலிருந்து விரட்டியவள், அங்கேயுள்ள எங்கள் சனம் வேதக்காரர் சைவக்காரர் என்று பாராமல் அவளுடைய மலைக்கு நடந்தே ஏறுகிறது என்று மேல்மாடி மொனிகா ஒருநாள் சொல்லியிருந்தாள். கொள்ளைநோயையே விரட்டியவளுக்கு ஒரு மூக்கைத் திருப்பிக் கொடுப்பது பெரிய வேலையா? யோசப்பின் இரகசியமாக நேர்த்தி வைத்துவிட்டாள்.

புறப்படும் நாள் அதே மொனிகா ஒரு பார்சலோடு வந்து நின்றாள். அவள் மன்னாருக்குப் போய்த் திரும்பி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. "அக்கா, என்ர தம்பி பேனாட் அங்கைதான் இருக்கிறான். இதை அவனிட்டைக் குடுத்துவிடுங்கோ. அம்மா இடிச்சுத் தந்த மிளகாய்த்தூள்தான்." பார்சல் கைக்குழந்தை அளவில் இருந்தது. ஒட்டும் பிளாஸ்ரரை அத்தனை சுற்றுச் சுற்றியிருந்ததைப் பார்த்தாவது யோசப்பின் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பலெர்மோவில் யூலை வெயில் மண்டையைப் பிளந்தது. வந்திறங்கியதும் பேனாட்டுக்கு ஃபோன் அடித்தாள். "அக்கா, நான் வேலை செய்யிற வீட்டம்மா, என்ர சிஞ்ஞோரா, கோடைக்குப் பக்கத்து ஊரிலை பகேரியா வீட்டுக்கு வந்திட்டா, நானும் அவவோடை இஞ்சைதான். நாளைக்கு நாலு மணிக்கு வியா மக்வேதாச் சந்தியிலை நில்லுங்கோ, பஸ்ஸிலை வாறன்" என்றான். நின்றாள். வரவில்லை. சிஞ்ஞோராவுக்கு விருந்தாளிகளாம். அடுத்த நாளும் நின்றாள். அன்றைக்குப் பஸ் வேலைநிறுத்தமாம். தங்கிய வீட்டு விலாசத்தைக் கேட்டு வைத்துக்கொண்டான். எந்த நேரம் எந்தச் சந்திக்குக் கூப்பிடுவானோ என்று, பார்சலைத் தோள்பையில் போட்டுக்கொண்டே ஊர் சுற்ற வேண்டியதாயிற்று.

வினை அங்கேதான் தொடங்கியது. நகருக்குள் ஆள் ஏற்றி ஓடிய ஒரு வான் வண்டியில் ஏறி இருந்தால், பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போனார். அடுத்து வந்து இருந்தவரும் எழும்பினார். கோப்பிக் கடையில் அவளைத் தெருவோரத்துக் கடைசி மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோயிலில் முன்வரிசையில் முழங்காலில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இடம் மாறினாள். யோசப்பினுக்குச் சன்னதம் வராத குறை. "எங்கட நிறத்தைக் கண்டிட்டுத்தானே உந்தக் குணம்! முப்பது வருசம் பாரிஸிலை இருந்திட்டன், ஒருதரும் எனக்கு இப்பிடிச் செய்யேல்லை" என்று தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னாலே வந்தவை பூனைகள் மட்டும்தான். முதல் நாள் இரண்டு, மறுநாள் ஐந்து. இந்த ஊரில் மனிதரைவிடப் பூனைகளுக்கு மரியாதை தெரிகிறது என்று பிஸ்கற் வாங்கிப் போட்டாள். அவை பிஸ்கற்றைத் திரும்பியும் பார்க்காமல் பையையே பார்த்துக்கொண்டிருந்தன.

தங்கிய இடத்திலாவது நிம்மதி உண்டா? வீட்டுக்காரச் சிஞ்ஞோராவுக்கு எழுபது வயதிருக்கும். மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுச் சீவிக்கிறவள். மூன்றாம் நாள் காலை அறைக்குள் வந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னல்களை எல்லாம் விரியத் திறந்தாள். யோசப்பினுக்கு இத்தாலியன் தெரியாது, சிஞ்ஞோராவுக்குப் பிரெஞ்சு அரைகுறை. மூக்கைப் பொத்துவதற்கு எந்தப் பாஷை வேண்டும்?

"உங்களுக்கும் மணக்கிறதுதானே?" என்று சிஞ்ஞோரா கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு யோசப்பின் வருடக்கணக்காகப் பழகி வைத்திருந்தாள். கண்ணைச் சுருக்கி, ஆழமாக மூச்சிழுத்து, முகத்தைச் சுளித்து, சரியான மணம் என்று தலையாட்டினாள்.

"எங்கேயிருந்து வருகிறது?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. தெரியாது என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்து, குளியலறையில் கைகழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு மூலையைச் சும்மா கைகாட்டினாள்.

அவ்வளவுதான். ஒரு மணித்தியாலத்தில் குழாய் வேலைக்காரன் சுத்தியலோடு வந்துவிட்டான். அன்றைக்கு நான்கு ஓடுகள் உடைந்தன. மறுநாள் காலையில் இன்னும் ஆறு. யோசப்பின் குளிப்பதற்குத் துவாயும் சவர்க்காரமுமாக மூன்று மாடி இறங்கி, சிஞ்ஞோராவின் தங்கை வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. மணமோ காலையில் ஆளைத் தூக்கியது, அவள் பையோடு வெளியே போன பிறகு இல்லாமல் போனது, அவள் திரும்பி வந்ததும் தானும் திரும்பி வந்தது. "இது அசல் பலெர்மோக் குழாய், இந்த ஊர்க் கடைக்காரர் மாதிரி மத்தியானம் பூட்டிவிட்டுப் பின்னேரம் திறக்கிறது" என்று வேலைக்காரன் சொன்னதைச் சிஞ்ஞோரா சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தாள். யோசப்பினால் சிரிக்க முடியவில்லை. பாவம் கிழவி, என்னுடைய பொய்யை நம்பி வீட்டை இடிப்பிக்கிறாளே என்று நெஞ்சு குத்தியது. சொல்லிவிடுவோமா என்று இரண்டு தரம் வாயெடுத்தாள். வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை குளியலறையிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. கொலையோ என்று பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், உடைத்த குழிக்குள் ஒரு பழைய ஈயக் குழாய் வெடித்துத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் கீழ்வீட்டின் கூரை இடிந்து, கட்டிலில் படுத்திருப்பவர்களுக்கு மேலே விழுந்திருக்குமாம். சிஞ்ஞோரா ஓடிவந்து யோசப்பினின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "என்ன மூக்கு! என்ன மூக்கு!" என்று படிக்கட்டில் நின்று மாடி மாடியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. வாசலில், வியர்த்து வழிந்துகொண்டு பேனாட். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்று, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தான்.

"அட கடவுளே! கட்டாக் கருவாடு! அக்கா, கீழ்ப்படியிலையே எனக்குப் பிடிபட்டிட்டுது!"

"என்ன கருவாடு? அது மிளகாய்த்தூளெல்லோ?"

"மிளகாய்த்தூள் எண்டோ சொன்னவள்? கருவாடு எண்டா ஒருதரும் கொண்டு வரமாட்டினம், அதுதான்." சொல்லிக்கொண்டே அவன் கட்டிலடியிலிருந்த பையை நேரே போய் எடுத்தான். பிளாஸ்ரர் வெயிலில் இளகி ஒரு பக்கம் திறந்து கிடந்தது. சிஞ்ஞோரா எட்டிப் பார்த்தாள். குழாய் வேலைக்காரன் எட்டிப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் யோசப்பினைப் பார்த்தார்கள்.

"ஐஞ்சு நாளா இதோடையோ படுத்தனீங்கள்?" என்றான் பேனாட். "அக்கா, உங்களுக்கு மணக்கேல்லையே?"

யோசப்பினுக்கு வான் வண்டியும் கோப்பிக் கடையும் கோயிலும் பூனைகளும் ஒவ்வொன்றாக விளங்கின. ஊரெல்லாம் தன்னை அவமதித்ததாக நினைத்தாளே, அவள்தான் ஊரையே நாறடித்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"இல்லைத் தம்பி. எனக்கு ஒண்டும் மணக்காது. கொரோனாவோடை போயிட்டுது. ஒருதருக்கும் சொல்லேல்லை. சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைச்சுத்தான் வந்தனான், இன்னும் மலைக்கு ஏறேல்லை" என்றாள்.

பேனாட் அதை இத்தாலியனில் சொன்னான். சிஞ்ஞோரா நெற்றியில் அடித்துக்கொண்டு, குழியைக் காட்டி, பையைக் காட்டி, யோசப்பினின் மூக்கைக் காட்டி, கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு யோசப்பினையும் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். கடைசியில் சிஞ்ஞோரா கருவாட்டுக்கு மட்டும் வாசலைக் காட்டினாள். பேனாட் வெட்கப்பட்டுக்கொண்டு, "ஞாயிறு எனக்கு லீவு அக்கா, மலைக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டுப் பையோடு இறங்கினான்.

அவன் போனதும்தான் யோசப்பினுக்குப் பொறி தட்டியது. இவன் தமக்கைக்குச் சொல்லாமல் இருப்பானா? மொனிகாவின் வாய்க்குப் போனால், பின்னேரத்துக்குள் பாரிஸில் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஊரார் சொல்லிக் கேட்பதைவிட மனிசனுக்குத் தானே சொல்லுவது மேல் என்று ஃபோனை எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, ஒரு விசயம். எனக்குக் கொஞ்சக் காலமா மூக்கு..."

"ஓம், மணக்கிறேல்லை" என்றார் அலோசியஸ்.

"என்ன?"

"தெரியுமப்பா. ஒருநாள் பால் எரிஞ்சு வீடு முழுக்க மணந்தது. நீர் முதுகைக் காட்டிக்கொண்டு கரட் வெட்டிக்கொண்டு நிண்டனீர். அண்டைக்கே எனக்கு விளங்கீட்டுது. நீர் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. சரி, மூக்கு வேலையை நான் பாப்பம் எண்டுதான் வாசலிலை வந்து நிண்டனான்."

அந்த வாசலில் நின்ற மனிதரை அவள் என்னென்ன பேச்சுப் பேசியிருக்கிறாள்!

"மொனிகா இனி ஊருக்கெல்லாம் சொல்லுவாள். ஓடரெல்லாம் போகப்போகுது" என்றாள், குரல் உடைய.

"விசர்க் கதை கதையாதையும். சனம் உம்மட கறியைச் சாப்பிடுதோ, மூக்கைச் சாப்பிடுதோ? இண்டைக்கும் றோல்ஸுக்கு ரெண்டு ஓடர் எடுத்து வைச்சிருக்கிறன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்ப, என்ர மூக்குக்கு லீவு முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்லப் போனவள், சட்டென்று நிறுத்தினாள். ஃபோனுக்குள் அவருடைய குரலுக்குப் பின்னாலே ஒரு சத்தம் கேட்டது. கொதியின் குரல் மாறிக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, அடுப்பிலை என்ன, பருப்போ?"

"ஓம், நீர் இல்லாதபடியால் நானே..."

"தண்ணி வத்தீட்டுது. இறக்குங்கோ."

"இஞ்சை ஒரு மணமும் வரேல்லையே?"

"மணக்க முந்தி இறக்குங்கோ எண்டு சொல்லிறன், ஓடுங்கோ!"