இருபத்தேழாம் பாத்தி

1

இந்தக் கதை என்னுடையதல்ல, என் நாத்தனாருடையது. பல் மருத்துவரின் அறைக்கு வெளியே, வீங்கிய கன்னத்தோடு பாதி வாயால் சொன்னாள். "எழுதிடாதீங்க அண்ணி" என்றாள். (எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

2

"பொன்வெயிலில் கோதுமைக் கதிர்கள் தலையசைத்து..."

இப்படித் தொடங்க வேண்டாம். அவள் பார்ப்பது கதிரை அல்ல, இலையை. வெப்பமான ஊர்களில் எந்தக் கோதுமை கூடுதலாக விளையும் என்று அறுவடைக்கு முன்பே சொல்வது அவள் வேலை. உச்சி இலையைக் கருவியின் கவ்வியில் வைத்தால், அதன் ஒளிச்சேர்க்கை எவ்வளவு சுறுசுறுப்பு என்று இரண்டு நிமிடத்தில் ஓர் எண் வரும். மொத்தம் நாற்பது பாத்தி, நாற்பது ரகம். பத்துதான் தேறும். மற்றவை தீவனத்துக்கு.

3

இருபத்தேழாம் பாத்தியை அவள் தள்ளினாள். கண்ணால் பார்த்தே ரகம் தேர்ந்து பழகிய துறைத்தலைவருக்கு மனம் கேட்கவில்லை.

"கதிரைப் பாரும்மா, எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு!"

"கதிர் அழகுதான் சார். இலை சோம்பேறி."

பாத்தியைச் சுற்றி நின்ற ஆய்வாளர் கூட்டமே சிரித்தது. கண்ணா கருவியா என்ற மூன்று வருட வாதத்தில் அன்றுதான் அவள் பக்கம் காற்றடித்தது.

மறுநாள் குறிப்பேட்டைப் புரட்டியபோது அளந்த நேரங்களைக் கவனித்தாள். மற்ற இலைகளையெல்லாம் முற்பகலில் அளந்திருந்தாள். பேட்டரி தீர்ந்துபோனதால் இருபத்தேழை மட்டும் பிற்பகல் இரண்டரைக்கு. அந்த வெயிலில் எந்த இலையும் துளைகளை மூடிக்கொள்ளும்; எண் இறங்கிவிடும்.

(உடனே ஓடிப்போய்ச் சொன்னாள் என்று எழுதி அடித்துவிட்டேன். மூன்று நாள் வாயே திறக்கவில்லை.)

4

நான்காம் நாள் சன்னல் வழியே, இருபத்தேழைத் தீவனத்துக்கு அறுப்பவர்களைப் பார்த்தாள். ஓடினாள்.

"நிறுத்துங்க! அதை விட்டுடுங்க!"

பாதிப் பாத்தி மிஞ்சியது. விஷயத்தைச் சொன்னபோது, அரிவாளைவிடத் தலைவரின் முகம்தான் பயமாக இருந்ததாம்.

"அப்போ உன் மெஷினை எப்படிம்மா நம்புறது?"

"மெஷின் சரிதான் சார். தப்பு என்னோடது."

அவர் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். "சரி, காலைல அளந்து பாரு" என்றார்.

அளந்தாள். சோம்பேறி இல்லை; சூரப்புலியும் இல்லை. பதினோராவது இடம். பத்தாவதுக்கும் அதற்கும் மயிரிழைதான் வித்தியாசம்.

"நீயே முடிவு பண்ணு" என்று பட்டியலை அவளிடம் நீட்டினார் தலைவர்.

5

நான் எழுதிய ஒரு முடிவில் இருபத்தேழைச் சேர்த்தாள். படித்துப் பார்த்தேன், தன் தவறுக்கு ஒரு செடியைக் கொண்டு பரிகாரம் தேடியதுபோல் இருந்தது. இன்னொன்றில் தள்ளினாள். அதில் தலைவரை வெல்லும் ஆசை தெரிந்தது.

அவள் எழுதிய எண் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், சொன்னால் அதையே சரியென்று நம்பிவிடுவீர்கள். அது சரியா என்று அவளுக்கே இன்னும் தெரியாது. கதிர் முற்ற மூன்று வாரமாகும்.

இதோ பட்டியல். ஒன்பது எண்கள் எழுதியாகிவிட்டது. பத்தாவது வரி...