ஈரக் கொழுந்துக்கு ஐந்து கிலோ

இராக்கம்மாவுக்கு வலது தோளில் தொடங்கிய வலி கழுத்து வழியாக ஏறிக் காதுக்குப் பின்னால் வந்து நின்றது. முப்பது வருடம் தேயிலைக் கூடையின் தலைக்கயிறு இழுத்த கழுத்து அது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தவரை அடுப்படிச் சுவரில் சாய்ந்து கொஞ்சம் சூடு பிடிப்பாள். இந்த நான்கு மாதமாக அதுவும் இல்லை. மூடிக் கிடக்கும் பழைய ஃபேக்டரியின் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய பலகைத் தரையில், இருபத்திரண்டு குடும்பங்கள் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு கிடந்தன. ஒரு மூலையில் ஒருவர் புரண்டால் மறுமூலையில் பலகை ஆடும்.

கார்த்திகை மழையில் அவர்களுடைய லயத்துக்கு மேலே இருந்த மேடு இறங்கியது. வரிசையில் கடைசி இரண்டு காம்பரா வீடுகளை மண் கொண்டுபோனது. அதில் ஒன்றில் இருந்த, இராக்கம்மாவோடு கொழுந்தெடுத்த தயானியும் மண்ணோடு போனாள். மற்றக் காம்பராக்கள் நின்றன. ஆனால் அவற்றின் முதுகுப்பக்கம் கை நுழையுமளவுக்கு வெடிப்பு ஓடியது. அந்த வெடிப்புக்குக் கீழே திரும்பிப் போய்ப் படுப்பதா, வேறு இடத்தில் மண் கிடைக்குமா என்பதுதான் பதுளை நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த வழக்கு.

செவ்வாய்க்கிழமை காலை பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்கு ஆள் பதியும்போது கிளாக்கர் மயில்வாகனம் ஒரு தாளைக் கொண்டுவந்தார்.

"கூரைத் தகரம் வந்திருக்கு. குடும்பத்துக்குப் பன்னெண்டு. கையெழுத்த வைங்க, லொறி நாளைக்கே வரும்."

வரிசையில் முதலில் நின்றவள் இராக்கம்மா. அவள்தான் முதலில் வைத்தாள். கிளாக்கர் பெரட்டில் நீட்டும் தாள் என்றால் தேயிலைத் தூளுக்கு இருக்கும், கம்பளிக்கு இருக்கும், தீபாவளி முற்பணத்துக்கு இருக்கும். நின்று வாசித்தால் பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். மலைக்குப் போகப் பிந்தினால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான். அவள் கையெழுத்தைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் இருபத்திரண்டும் முடிந்தது.

பகல் இரண்டு மணிக்கு நிரஞ்சலா வந்து சேர்ந்தாள். மடுல்சீமையிலிருந்து வரும் பாதை உடைந்ததிலிருந்து ஆட்டோ பாதிவழிதான் வரும். மிச்சத்தை நடந்து வந்திருந்தாள். கறுப்புக் கோட்டு ஒரு பொலித்தீன் பையில். வலது செருப்பின் வாரை ஊக்கு பிடித்துக்கொண்டிருந்தது.

"லோயரம்மா செருப்பப் பாரு," என்றாள் விசாலாட்சி, பக்கத்துச் சேலை மறைப்புக்குள் இருந்து. "நம்ம கேஸு இந்த ஊக்குலதான் நிக்குது."

"அக்கா, ஊக்கு வேணும்னா சொல்லுங்க. இன்னும் ரெண்டு இருக்கு," என்றாள் நிரஞ்சலா.

அவளுக்கு இருபத்தேழு வயது. கொஸ்லந்தைப் பக்கத்து லயமொன்றில் பிறந்தவள். அம்மா இன்னமும் கொழுந்துதான் எடுக்கிறாள். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து இரண்டு வருடம். கூடப் படித்தவர்கள் வங்கிக்கும் கம்பனிகளுக்கும் போய்விட்டார்கள். இவள் கொழும்பில் சூழல் வழக்குகள் நடத்தும் ஒரு நிலையத்தில் இளம் சட்டத்தரணிகளுக்குக் கொடுக்கும் ஒரு வருடப் பயிற்சி வேலைக்கு விண்ணப்பித்தாள். அறுபது பேரில் மூன்று பேரை எடுத்தார்கள். மற்ற இருவரும் கொழும்பிலேயே இருக்கக் கேட்டார்கள். இவள் பதுளையைக் கேட்டாள். பதுளையில் ஷுக்ரி என்ற மூத்த சட்டத்தரணிக்குக் கீழே, மண்சரிவு வழக்குகளுக்கு. காலநிலை நீதி என்று அதற்குக் கொழும்பில் பெயர். இராக்கம்மாவின் புருஷன் இராமையா முதல்நாள் அதைக் கேட்டுவிட்டு, "மழை மேலயும் கேஸ் போடுறாங்களா?" என்று சிரித்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவன் சிரிக்கவில்லை. "புள்ள, காலையில ஒரு தாள்ல கையெழுத்து வச்சிட்டோம்," என்றான்.

நிரஞ்சலா பையைக் கீழே வைத்தாள். "என்னா தாளு?"

"தகரத்துக்குன்னாங்க."

"என்னா மொழியில இருந்துச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. விசாலாட்சியின் மகன் சுரேஸ் மட்டும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தான். நிரஞ்சலா அதைப் பெரிதாக்கி வாசித்தாள். ஆங்கிலம். பழைய லயத்துக்குத் தாங்கள் சொந்த விருப்பத்தில் திரும்புவதாகவும், இனிக் கம்பனியிடம் நிலமோ வேறு இடமோ கேட்கப்போவதில்லை என்றும் இருந்தது. கீழே முதல் பெயர் இராக்கம்மா.

இராக்கம்மா எழுந்து மாடியின் ஓரத்துக்குப் போனாள். தன் கையை அடுப்பில் வைத்துவிடலாமென்று இருந்தது. படித்த பிள்ளை ஒன்று நான்கு மாதமாக இந்த மலை ஏறி இறங்கியதை ஐந்து நிமிடத்தில் தான் எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்போது கத்துவாள் என்று காத்திருந்தாள்.

நிரஞ்சலா கத்தவில்லை. "தேத்தண்ணி இருக்காக்கா? நடந்து வந்ததுல நாக்கு ஒட்டிக்கிச்சு," என்றாள்.

குடித்து முடித்துவிட்டு விசயத்தைச் சொன்னாள். வியாழக்கிழமை விசாரணை. கம்பனி இந்தத் தாளைக் கொடுக்கும். கூடவே ஒரு வாக்குறுதியும் கொடுக்கும்: இனி மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் லயத்தைக் காலிபண்ணி ஆட்களை இறக்கிவிடுவோம், ஆகவே அங்கே இருப்பதில் ஆபத்தில்லை என்று.

"அதுல ஒரு விசயம் இருக்கு. மூணு வருசத்துக்கு முன்னாடியே மண்சரிவு பார்க்க வந்தவங்க அதே நிபந்தனைய எழுதிக் குடுத்திருக்காங்க. மூணு நாள் மழைன்னா லயத்தக் காலி பண்ணணும்னு. ஏன் பண்ணலைன்னு கம்பனியக் கேட்டா, மூணு நாள் எங்கங்க பேஞ்சிச்சு, ஒரே ராத்திரியிலதான் கொட்டிச்சுங்கிறாங்க."

"பொய்யி!" என்றாள் விசாலாட்சி. "பத்து நாளைக்கு மேல பேஞ்சிச்சு. சீலை காயல."

"எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குச் சீலை காயலைன்னு சொல்ல முடியாதே. தோட்டத்துல மழைய அளந்து எழுதுற புத்தகத்தக் கேட்டோம். தண்ணியில போயிருச்சாம். பதுளை டவுன்ல அளந்த கணக்கு இருக்கு. டவுன் மழை வேற, இந்த மேட்டு மழை வேறன்னு அவங்க வக்கீலு சொல்லுவாரு. அது உண்மையுந்தான்."

இராக்கம்மா திரும்பி வந்தாள். ஏதாவது செய்யவேண்டுமே என்று, பால்மா டின் ஒன்றைத் திறந்து உள்ளே இருந்ததை எல்லாம் பலகையில் கொட்டினாள். லயத்தைவிட்டு ஓடிய அன்று அவள் தூக்கிக்கொண்டு ஓடியது அதை மட்டும்தான். அடையாள அட்டை, இராமையாவின் ஆஸ்பத்திரித் துண்டு, ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு அட்டை.

"இதுல ஏதாச்சும் ஆகுமா பாரு புள்ள."

"இது என்னாக்கா, கொழுந்துக் கார்டா?"

"ஆமா. மாசம் முடிஞ்சா எல்லாரும் அடுப்புப் பத்த வைப்பாளுக. நான் வைக்க மாட்டேன். கணக்கப்புள்ள கழிக்கிற கிலோவுக்கு அவரோட சண்ட போட வச்சிருக்கேன். ஏழு வருசத்துக் கார்டு இருக்கு. ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல."

நிரஞ்சலா கார்த்திகை மாதத்து அட்டையை எடுத்தாள். நாளுக்கு ஒரு வரி. நிறுத்த கிலோ, கழித்த கிலோ, மிச்சம், கடைசியில் கணக்கப்பிள்ளையின் சிறுகையெழுத்து. அவள் விரல் கழிவு வரிசையில் மேலிருந்து கீழே இறங்கியது. இரண்டு, இரண்டு, இரண்டு. பிறகு ஐந்து. ஐந்து. ஐந்து. விரல் நின்றது. மறுபடி மேலே போய் எண்ணிக்கொண்டு வந்தாள்.

பிறகு சிரித்தாள். சின்னச் சிரிப்பில்லை. மாடியே திரும்பிப் பார்த்தது.

"புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு," என்றான் இராமையா.

"மாமா, எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் கழிப்பாங்க. சாக்குக்கு ரெண்டு கிலோ. கொழுந்து ஈரம்னா அஞ்சு. இங்க பாருங்க, மண்ணு வந்ததுக்கு முந்தின நாள் வரைக்கும் பதினோரு நாளு அஞ்சு. ஒரு ஞாயித்துக்கிழமகூட விடல, லீவு நாள்ல கிலோவுக்குக் காசு தர்ற கைக்காசுக் கொழுந்து எடுத்திருக்கீங்க. பதினோரு நாளும் மழைன்னு அவங்களே கையெழுத்து வச்சுக் குடுத்திருக்காங்க."

கொழும்பிலிருந்து எவ்வளவு பெரிய சட்டத்தரணியை அழைத்து வந்திருந்தாலும் அந்த அட்டையில் கிலோவைத்தான் பார்த்திருப்பார். மழையைப் பார்க்க, கழிவுக்கு அழுத ஒரு தாயின் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. சட்டமும் படித்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததைத்தான் இராக்கம்மா அன்று கண்ணால் பார்த்தாள்.

மற்ற மறைப்புகளையும் கிளறினார்கள். அடுப்புக்குத் தப்பிய கார்த்திகை அட்டைகள் இன்னும் மூன்று கிடைத்தன. நான்கிலும் அதே பதினோரு ஐந்து.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் முதலில் சாட்சிக் கூட்டில் ஏறியவர் தோட்டத்தின் துணை மேலாளரான உதவித் துரை. நிரஞ்சலா அவரிடம் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டாள். இராக்கம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஷுக்ரி மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"கொழுந்து நிறுக்கும்போது உங்கள் ஆட்கள் இஷ்டத்துக்குக் கழிப்பதாகத் தொழிலாளிகள் சொல்கிறார்களே?"

உதவித் துரைக்குக் கோபம் வந்தது. "முழுப் பொய். சாக்குக்கு இரண்டு கிலோ. ஈரக் கொழுந்துக்கு மட்டும் ஐந்து. ஈரமில்லாத நாளில் ஐந்து போட்டால் அந்தக் கணக்கப்பிள்ளையை வேலையில் வைத்திருக்க மாட்டேன். எங்கள் தோட்டத்தில் அது நடக்காது."

"ஒரு நாளும் நடக்காதா?"

"ஒரு நாளும் நடக்காது."

"நன்றி," என்று சொல்லிவிட்டு நிரஞ்சலா நான்கு அட்டைகளையும் நீதிபதியிடம் கொடுத்தாள். ஷுக்ரி சொல்வதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எழும்பவில்லை, குறுக்கே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தப் பகலை முழுக்க அவளிடம் விட்டிருந்தார்.

அடுத்தது இராக்கம்மா. கம்பனி வக்கீல் தாளைத் தூக்கிக் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"யாராவது உங்கள் கையைப் பிடித்துக் கையெழுத்து வைத்தார்களா?"

"இல்லீங்க."

"மிரட்டினார்களா?"

"இல்லீங்க."

"அப்படியென்றால் சொந்த விருப்பத்தில்தானே வைத்தீர்கள்?"

இராக்கம்மாவின் கழுத்து விண்ணென்று தெறித்தது. நிரஞ்சலாவைப் பார்த்தாள். நேற்று ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை அந்தப் பெண். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றது, அவ்வளவுதான்.

"நான்தாங்க மொதல்ல வச்சேன். என்னப் பார்த்துத்தான் மத்தவங்க வச்சாங்க. அது என் தப்பு. முப்பது வருசமா கிளாக்கர் ஐயா நீட்டுற தாள்ல வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். வேணாம்னு எழுதுறதுக்கு அந்தத் தாள்ல ஒரு நாளும் எடம் இருந்ததில்லீங்க. இந்தத் தாளு என்னா மொழின்னே எனக்குச் செவ்வாக்கிழமை பின்னேரந்தான் தெரியும்."

நீதிபதி தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு அட்டைகளைப் பார்த்தார். பதினோரு நாளும் மழை என்று தெரிந்தே ஒருவரையும் இறக்காத நிர்வாகம், அடுத்த மழைக்கு இறக்குவோம் என்று சொல்வதை எப்படி நம்புவது என்று கம்பனி வக்கீலைக் கேட்டார். வக்கீல் தவணை கேட்டார். கிடைக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்குக் கட்டளை வந்தது. யாரையும் அந்த லயத்துக்கு அனுப்பக்கூடாது. ஆய்வு செய்த பாதுகாப்பான இடத்தில் குடும்பத்துக்குப் பத்துப் பேர்ச்சஸ், ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம், மூன்று மாதத்துக்குள்.

பதுளை பஸ் நிலையத்தில் நின்று வடை தின்றார்கள். நிரஞ்சலா இரண்டு கைகளிலும் இரண்டு வடை வைத்திருந்தாள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை.

"ஒரு வருசந்தானே இந்த வேல? அப்புறம் என்னா செய்வ?" என்று இராக்கம்மா கேட்டாள்.

"கொழும்புல ஒரு கம்பனியில வரச்சொல்லி லெட்டர் வந்துச்சுக்கா. இப்ப கிடைக்கிறத மாதிரி நாலு மடங்கு."

"எப்ப போற?"

"போகலைன்னு நேத்து எழுதிப் போட்டுட்டேன். இங்க இன்னொரு வருசம் நீட்டிக் கேட்டிருக்கேன்."

"லூசாடி நீ?" என்றாள் இராக்கம்மா. லோயரம்மாவை 'டி' போட்டதைச் சொன்ன பிறகுதான் கவனித்தாள். "ஒங்கம்மா அங்க கூடை தூக்குறா!"

"அம்மாவும் இதையேதான் கேட்டாங்க. இதவிட மோசமா." நிரஞ்சலா இரண்டாவது வடையைக் கடித்தாள். "மாவட்டத்துல இது மாதிரி எத்தன லயம் இருக்குன்னு தெரியுமாக்கா? அட்டையப் பார்த்து மழையச் சொல்றதுக்கு இங்க இப்ப நான் ஒருத்திதான் இருக்கேன். ரெண்டு வருசத்துல பத்துப் பேரு வருவாங்க. வந்ததும் போறேன்."

இராக்கம்மாவுக்கு மூளையுள்ள பிள்ளைகளைத் தெரியும். லயத்தில் படித்து மேலே போன பிள்ளைகளையும் தெரியும். போனவர்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு வேனில் வந்து போவார்கள். போகத் தெரிந்தும், போக வழியிருந்தும், ஊக்குக் குத்திய செருப்போடு உடைந்த பாதையில் மலையேறி வரும் ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறாள். தன் வடையில் பாதியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள்.

இது நடந்தது பங்குனியில். இப்போது ஆவணி. நிரஞ்சலாவுக்கு இன்னொரு வருடம் நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தவணை தப்பாமல் வருகிறாள். செருப்பு மட்டும் புதிது. வெடித்த லயத்துக்கு ஒருவரையும் அனுப்பவில்லை. நில அளவையாளர் ஒரு தடவை வந்து நான்கு முளை அடித்துவிட்டுப் போனார். முளையைச் சுற்றிப் புல் ஏறிவிட்டது. இருபத்திரண்டு குடும்பங்கள் இன்னும் கொழுந்து வாட்டிய பலகையில்தான் படுக்கின்றன. இராக்கம்மா மாதம் முடிந்ததும் தன் அட்டையை டின்னில் போடுகிறாள். இப்போது மற்றவர்களும் போடுகிறார்கள்.

குடும்பத்துக்குப் பத்துப் பேர்ச்சஸ், இருபத்திரண்டு குடும்பத்துக்கு இருநூற்றிருபது பேர்ச்சஸ் மண். கம்பனி அதை இன்னும் தரவில்லை.